கார்பன் நானோகுழாய்த் தகடு பத்து ஆண்டு தாங்குமா?

புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் உள்ள ஐஸ் தொழிற்சாலைகளில் கம்ப்ரசர் மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் மின்னணுக் கருவிகளான டிரைவ்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் அறிந்த ஒரு செய்தி உண்டு. டிரைவ் எரிந்துபோவதற்குப் பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தை விரைந்து இணைத்துத் துண்டிக்கும் ஐஜிபிடி மாட்யூல் தரமற்றதாக இருப்பது காரணமன்று. மாட்யூலுக்கும் அதன் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் தன் வேலையைச் செய்யாமல் விட்டதே காரணம். அந்த இடத்தில் பேஸ்ட்டுக்கு மாற்றாக வைக்கக்கூடிய பொருள் என்று சில ஆண்டுகளாகப் பேசப்படுவது கார்பன் நானோகுழாய்த் தகடு, அதாவது கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்கள் நெருங்கி நிற்கும் தகடு. அது எவ்வளவு வெப்பம் கடத்தும் என்பதைப் பற்றி எழுதுவோர் பலர். பத்து ஆண்டு கழித்தும் அதே அளவு கடத்துமா என்ற கேள்வியைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடலோரத்தில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் சோறு போடுகிறது.

முதலில் பேஸ்ட் எப்படிச் சாகிறது என்பதைச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் நானோகுழாய் எந்த நோய்க்கு மருந்தாக வருகிறது என்பது அதிலிருந்துதான் புரியும். மாட்யூலின் அடித்தட்டு செம்பு. அதன்மேல் பீங்கான், பீங்கானின்மேல் சிலிக்கான் சில்லு. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் செம்பு பத்து லட்சத்தில் 17 பங்கு நீள்கிறது, அலுமினா பீங்கான் ஏறக்குறைய 7 பங்கு, சிலிக்கான் 3 பங்குக்கும் குறைவு. ஒன்றோடொன்று ஒட்டவைத்த மூன்று பொருள்கள் மூன்று விதமாக நீள முயன்றால் அந்த அடுக்கு வளையத்தான் செய்யும். கம்ப்ரசர் ஓடும்போது ஒரு வளைவு, நின்றபின் வேறொரு வளைவு. இந்த அசைவு ஒரு பம்ப் போல வேலை செய்து, நடுவில் இருக்கும் பேஸ்ட்டை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதோடு பேஸ்ட்டில் உள்ள சிலிகோன் எண்ணெய் மெல்லப் பிரிந்து வெளியேற, மிஞ்சுவது காய்ந்த தூள்.

இப்படிப்பட்ட ஒரு மாட்யூலைக் கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். திருகுகளை எடுத்துவிட்டு மாட்யூலை லேசாக அசைத்துத் தூக்கினால், நான்கு ஓரங்களிலும் வெள்ளைப் பேஸ்ட் தடித்த வரம்பாகக் கட்டியிருக்கும். சரியாகச் சில்லுகளுக்குக் கீழே வர வேண்டிய நடுப்பகுதியில் செம்பு பளபளவென்று வெறுமையாகத் தெரியும், அதைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கறை படிந்திருக்கும். கைவிரலால் தேய்த்தால் ஓரத்துப் பேஸ்ட் கூடப் பிசுபிசுப்பின்றி மாவாக உதிரும். “சார், போன வருசந்தான் புது மாட்யூல் போட்டீங்க, மறுபடியும் சூடாவுதே” என்று முதுநகரில் ஓர் ஆபரேட்டர் என்னிடம் கேட்டபோது, அவருக்கு அந்த வெறும் நடுப்பகுதியைக் காட்டியதே போதுமான பதிலாக இருந்தது.

இதைக் கணக்கில் பார்த்தால் விஷயத்தின் எடை தெரியும். இந்தப் பொருள்களின் வெப்பத்தடையைச் சொல்ல ஓர் அலகு உண்டு: ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின் வழியே ஒரு வாட் பாயும்போது இரு பக்கங்களுக்கும் இடையே எத்தனை டிகிரி வேறுபாடு எழுகிறது என்பது. ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஒரு வாட் கடத்தும் சாதாரணப் பேஸ்ட்டை 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) தடிமனில் பூசினால் அந்த எண் 100. நாங்கள் அன்றாடம் கையாளும் நடுத்தர மாட்யூலின் அடிப்பரப்பு ஏறக்குறைய 6,500 சதுர மில்லிமீட்டர். அது 500 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், பேஸ்ட்டில் விழும் வேறுபாடு 8 டிகிரிக்கும் குறைவு. பேஸ்ட் விலகி அதே இடத்தில் வெறும் 25 மைக்ரான் காற்று புகுந்துவிட்டால், காற்றின் கடத்துதிறன் 0.026 மட்டுமே என்பதால், அந்த எண் 960 ஆகிறது. பரப்பு முழுவதும் அப்படி ஆனால் வேறுபாடு 70 டிகிரியைத் தாண்டும். உண்மையில் பரப்பு முழுவதும் காற்று புகுவதில்லை. ஆனால் சில்லுக்கு நேர் கீழே புகுந்தால் அந்தச் சில்லுக்கு அதுவே போதும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நானோகுழாயைப் பற்றிய பெரிய எண்களைப் படிக்க வேண்டும். ஜப்பானின் சுகுபாவில் என்ஈசி ஆய்வகத்தில் இருந்த சுமியோ இயிஜிமா 1991-இல் இந்தக் குழாய்களைப் பற்றி நேச்சர் இதழில் எழுதியபின், அவற்றின் வெப்பக் கடத்துதிறன் குறித்த ஆர்வம் விரைவாக வளர்ந்தது. 2000-இல் பெர்பர், குவான், டொமானெக் ஆகிய மூவர் கணினிக் கணக்கீட்டில் தனிக் குழாய் ஒன்றுக்கு அறை வெப்பநிலையில், பேஸ்ட்டுக்கு ஒன்று என்று சொன்ன அதே அலகில், 6,600 என்ற மதிப்பைப் பெற்றார்கள். 2001-இல் பிலிப் கிம், லி ஷி, அருண் மஜும்தார், பால் மெக்யூன் ஆகியோர் பல சுவர் கொண்ட ஒற்றைக் குழாயை நேரடியாக அளந்து, 3,000-க்கும் மேல் என்று கண்டார்கள். செம்பு ஏறத்தாழ 400 தான். இந்த ஒப்பீட்டைப் படித்துவிட்டு, செம்பைவிட ஏழெட்டு மடங்கு நல்ல தகடு கடைக்கு வரப்போகிறது என்று நம்பியவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை ஒற்றைக் குழாயைப் பொறுத்தது, தகட்டைப் பொறுத்ததன்று.

தகட்டில் குழாய்கள் நாற்றங்காலில் நாற்று நிற்பது போல நெருக்கமாகச் செங்குத்தாக நிற்கின்றன. நெருக்கம் என்றாலும் பரப்பில் அவை அடைக்கும் இடம் சில விழுக்காடுதான், மிச்சமெல்லாம் காற்று. 5 விழுக்காடு என்று வைத்து, ஒவ்வொரு குழாயும் 3,000 கடத்துகிறது என்றும் கொண்டால், அடுக்கின் கடத்துதிறன் 150. 50 மைக்ரான் உயர அடுக்குக்கு வெப்பத்தடை 0.33 வருகிறது. தொழிற்சாலையில் வளர்க்கும் குழாய்களில் குறைகள் மிகுதி என்பதால் கடத்துதிறனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 3.3 தான். ஆனால் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜுன் சூவும் திமோதி ஃபிஷரும் 2006-இல் சிலிக்கானுக்கும் செம்புக்கும் நடுவே உலர்ந்த நானோகுழாய் அடுக்கை அழுத்தி வைத்து அளந்தபோது அவர்களுக்குக் கிடைத்த மிகக் குறைந்த மதிப்பு 19.8. உருகும் மெழுகு வகைப் பொருள் ஒன்றைச் சேர்த்த பிறகு அது 5.2 ஆகக் குறைந்தது.

இந்த வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது? குழாயின் உடலில் இல்லை. அதன் இரு முனைகளில் இருக்கிறது. எல்லாக் குழாய்களும் ஒரே உயரமாக வளர்வதில்லை, ஆகவே எதிர்ப்பரப்பைத் தொடுபவை ஒரு பகுதிதான். தொடுபவையும் மிக மெல்லிய ஈர்ப்பினால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெப்பம் குழாய்க்குள் நெடுஞ்சாலையில் போவதும், முனையில் நெரிசலில் நிற்பதும் இதனால்தான். நீண்டகால நம்பகத்தன்மையைப் பற்றிப் பேச வேண்டுமானால் முனைகளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

குழாயின் உடலைப் பொறுத்தவரை அது கிழடு தட்டாத பொருள் என்றே சொல்லலாம். காற்றில் அது எரியத் தொடங்க 400 டிகிரிக்கும் மேலான வெப்பம் வேண்டும். வளர்ப்பில் பயன்பட்ட இரும்புத் துகள்கள் மிச்சமிருந்தால் அந்த எல்லை சற்றுக் கீழே வரும், அப்படியும் எந்த டிரைவும் அதன் அருகில்கூடப் போவதில்லை. பிரிந்து வெளியேற அதில் எண்ணெய் இல்லை. வழிந்தோட அதில் திரவம் இல்லை. எந்திர உழைப்பிலும் அது வியக்கத்தக்கது: புலிக்கல் அஜயன் குழுவினர் 2005-இல் இந்த அடுக்குகளை அவற்றின் உயரத்தில் 85 விழுக்காடு வரை அமுக்கி, விட்டதும் அவை மீண்டெழுவதைக் காட்டினார்கள், 2007-இல் அஜயனும் பங்கேற்ற ஆய்வு ஒன்று, ஐந்து லட்சம் சுற்றுகள் அமுக்கியும் களைப்பினால் முறிவு நேரவில்லை என்று தெரிவித்தது. ஒரு டிரைவ் நாளுக்கு 20 முறை சூடாகி ஆறுகிறது என்றால் பத்து ஆண்டில் 73,000 சுற்றுகள்தான் ஆகின்றன. பம்ப் போல இயங்கும் அந்த அடித்தட்டுக்கு ஈடுகொடுக்க இதைவிடப் பொருத்தமான இயல்பு வேறில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானோகுழாய்த் தகட்டின் மதிப்பு அது செம்பைவிட நன்றாகக் கடத்துவதில் இல்லை. வைத்த இடத்தில் நிற்பதில் இருக்கிறது. முதல் நாளில் பேஸ்ட்டின் 100-க்கும் தகட்டின் 20-க்கும் இடையே எங்கள் மாட்யூலில் கிடைக்கும் லாபம் 6 டிகிரி. அதற்காக யாரும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை, நல்ல பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசினாலே அதில் பாதி கிடைத்துவிடும். ஐந்தாம் ஆண்டில் பேஸ்ட் விலகிய இடத்தில் ஏறும் 30, 40 டிகிரியைத் தகடு தடுத்துவிடுமானால் அதற்கு எந்த விலையும் தகும். ஆகவே விற்பனைத் தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடும் கடத்துதிறனை நான் பார்ப்பதே இல்லை. சுற்றுகள் ஏற ஏற வெப்பத்தடை எப்படி நகர்கிறது என்று காட்டும் வரைகோட்டைத்தான் தேடுகிறேன்.

அந்த வரைகோட்டைத் தேடும்போது 2007-ஆம் ஆண்டு ஆய்வின் இன்னொரு பாதியையும் படிக்க வேண்டும். முறிவு நேரவில்லை என்று சொன்ன அதே ஆய்வு, முதல் சில சுற்றுகளில் அடுக்கின் நடத்தை மாறுகிறது என்றும், அமுக்கிய நிலையில் வைத்தால் அது திருப்பித் தள்ளும் விசை மெல்லத் தளர்கிறது என்றும் சொல்கிறது. முறியாதிருப்பது வேறு, விசையோடு தள்ளிக்கொண்டிருப்பது வேறு. முனைகள் பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கு அந்த விசைதான் பொறுப்பு என்பதால், தளர்வு என்பது இங்கே நேரடியாக வெப்பத்தடை. அடித்தட்டின் நடுப்பகுதி வளைந்து விலகும்போது தளர்ந்துபோன அடுக்கு அதைப் பின்தொடர்ந்து எழ மறுத்தால், அங்கே மீண்டும் அதே காற்றுதான். இதனால் திருகுகளை எவ்வளவு முறுக்குகிறோம் என்பது பேஸ்ட்டில் இருந்ததைவிடப் பலமடங்கு முக்கியமாகிறது. முறுக்கு விசையை அளந்து திருகும் டார்க் ரென்ச் இல்லாமல், கைப்பழக்கத்தில் திருகும் பட்டறைகளுக்குத் தகடு ஏற்றதன்று.

இந்த முனைச் சிக்கலைத் தீர்க்க ஆய்வாளர்கள் எடுத்த வழிகளும் கவனிக்கத்தக்கவை. ஒன்று, முனைகளை இண்டியம் போன்ற மென்மையான உலோகத்தில் புதைத்து ஒட்டவைப்பது. இண்டியம் 156.6 டிகிரியில் உருகிவிடும். சில்லை 150 டிகிரிக்கும் மேல் சூடாக விட்டு ஓட்டும் புதிய மாட்யூல்களில் இந்த எல்லை எனக்கு நெருக்கமாகவே படுகிறது, அடித்தட்டுப் பக்கம் அவ்வளவு சூடு வராது என்றாலும். மற்றொன்று, 2014-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த கௌர், அவருடன் பிரஷர் முதலியோர் வெளியிட்ட வழி: சிறிய கரிம மூலக்கூறுகளைப் பாலமாக வைத்து, குழாய் முனையையும் உலோகப் பரப்பையும் வேதிப் பிணைப்பால் இணைப்பது. முனையின் வெப்பத்தடை ஆறில் ஒன்றாகக் குறைந்தது என்பது அவர்களின் முடிவு. அருமையான வேலை, ஐயமில்லை. ஆனால் கிழடு தட்டாத கார்பனுக்கும் உலோகத்துக்கும் நடுவே இப்போது ஒரு கரிம மூலக்கூறு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஈரத்திலும் சூட்டிலும் அந்த இணைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே இனி தகட்டின் ஆயுள்.

ஈரம் என்ற சொல்லை எழுதும்போதே எங்கள் ஊர் முன்னால் வந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் வியர்த்திருக்கும். ஒரு பக்கம் உறைகுளிர்ந்த உப்புநீர்த் தொட்டி, மறுபக்கம் கடற்காற்று. மின்சாரம் போய் டிரைவ் பேனல் ஆறிப்போன இரவுகளில் ஹீட் சிங்கின்மேல் நீர் முத்துமுத்தாகக் கோக்கும். அதில் உப்பு இருக்கிறது. அம்மோனியா கசிந்தால் அதுவும் சேர்கிறது, ஈரமான அம்மோனியா செம்பைத் தின்னும். பேனலின் அடியில் அலுமினியத் துடுப்புகளின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதை இங்கே எந்த மெக்கானிக்கும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

இந்தச் சூழலில் நானோகுழாய்த் தகட்டுக்கு இரண்டு ஆபத்துகளை நான் காண்கிறேன். முதலாவது நீரால் நேரும் சரிவு. செங்குத்தாக நிற்கும் குழாய் அடுக்குக்குள் திரவம் புகுந்து பின் உலர்ந்தால், உலரும் நீரின் பரப்பு இழுவிசை குழாய்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டிவிடுகிறது. சுகுபாவில் ஹட்டா குழுவினர் 2006-இல் இதையே ஒரு செய்முறையாக மாற்றி, அடர்த்தியான நானோகுழாய்த் திடப்பொருள் செய்து காட்டினார்கள். அவர்களுக்கு வரமாக அமைந்தது நமக்குக் கேடு. குழாய்கள் கொத்துக்கொத்தாகச் சுருங்கினால் நடுவே வெற்றிடம் உண்டாகும், தொடும் முனைகளின் எண்ணிக்கை குறையும். புதிய அடுக்கு நீரை ஒட்டவிடாது என்பது உண்மைதான். உப்பும் எண்ணெய்ப்பசையும் படிந்த பிறகும் அந்தக் குணம் அப்படியே இருக்கும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இரண்டாவது ஆபத்து இன்னும் நேரடியானது. உப்புநீரில் நனைந்த நிலையில் கார்பனும் அலுமினியமும் மின்தொடர்போடு சேர்ந்திருந்தால், கார்பன் பத்திரமாக இருக்கும், அலுமினியம் கரையும். கார்பன் இழைக் கூட்டுப்பொருளை அலுமினியத்தோடு இணைக்கும் விமானத் துறையினர் நடுவே காப்படுக்கு வைப்பது இதனால்தான். நமது ஹீட் சிங்கில் துடுப்புகள் ஆனோடைஸ் செய்யப்பட்டு ஆக்சைடுப் படலத்தோடு இருந்தாலும், மாட்யூல் உட்காரும் முகத்தை மட்டம் செய்வதற்காகப் பெரும்பாலும் கடைந்து வெற்று அலுமினியமாக விட்டிருப்பார்கள். அந்த வெற்று முகத்தின்மேல் கோடிக்கணக்கான கார்பன் முனைகளை அழுத்தி வைத்து, ஓரத்தில் உப்பீரம் புகவும் விட்டால், அரிப்புக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. அரிப்பில் விளையும் அலுமினிய ஆக்சைடுப் பொடி முனைகளைத் தூக்கிவிடும். தகட்டில் குழாய்களைத் தாங்கும் நடுத்தாள் அலுமினியமாக இருந்தால் அது உள்ளேயே நிகழக்கூடும். நிக்கல் பூசிய ஹீட் சிங்க், ஓரத்தைச் சுற்றி சிலிகோன் அடைப்பு ஆகிய இரண்டும் இல்லாமல் கடலோர நிறுவல்களில் இந்தத் தகட்டை வைக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். பேஸ்ட்டுக்கு இப்படியொரு நிபந்தனை இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப்பசை தன் எல்லாக் குறைகளோடும் நீரைத் தள்ளி வைக்கிறது.

சோதனைகள் இதையெல்லாம் பிடிக்காதா என்று கேட்கலாம். உற்பத்தியாளர்கள் வழக்கமாகக் காட்டுவது மூன்று: கழித்தல் 40 முதல் 125 டிகிரி வரையிலான வெப்பச் சுற்று, 85 டிகிரியிலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம், 150 டிகிரியில் 1,000 மணி நேர இருப்பு. குறைக்கடத்தித் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த இந்தச் சோதனைகள் நல்லவை, அவற்றில் தேறாத தகட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் 85-85 அறையில் இருப்பது தூய நீராவி; அதில் உப்பு ஒரு துளியும் இல்லை. உப்பு மூடுபனிக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60068-2-11 என்ற தனிச் சோதனை இருக்கிறது, மாட்யூலும் தகடும் ஹீட் சிங்கும் சேர்த்துப் பொருத்திய நிலையில் அதில் வைத்துப் பார்த்த விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

சோதனை மணி நேரத்தை ஆண்டுகளாக மாற்றும் முறையிலும் எனக்கு நெருடல் உண்டு. அர்ரீனியஸ் சமன்பாடு வெப்பத்தால் விரைவாகும் வேதி மாற்றத்துக்கு உரியது: எண்ணெய் பிரிவதற்கும், பசை சிதைவதற்கும் பொருந்தும். காஃபின்–மேன்சன் விதி உலோகம் மீண்டும் மீண்டும் வளைந்து களைத்துப்போவதற்கு உரியது: சால்டருக்குப் பொருந்தும். தொட்டுக்கொண்டிருந்த ஒரு கார்பன் முனை விலகிப்போவது இவற்றில் எந்த வகையிலும் சேராது. அப்படியிருக்க, அந்த விதியில் சால்டருக்கு வரும் அடுக்கெண்ணைத் தகட்டுக்கும் போட்டு 15 ஆண்டு, 20 ஆண்டு என்று கணக்கிட்டுத் தரும் தாளை நான் ஆயுள் உறுதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கழற்றி மாட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேஸ்ட் என்றால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவோம். தகட்டை ஒருமுறை அமுக்கிய பிறகு எடுத்து மீண்டும் வைத்தால், பழைய பரப்பின் மேடுபள்ளத்துக்குப் படிந்துபோன முனைகள் புதிய இடத்தில் அதேபோல் பொருந்தா. உதிரும் குழாய்கள் மின்சாரத்தையும் கடத்துபவை. மாட்யூலை இயக்கும் மின்சுற்றுப் பலகையான கேட் போர்டின்மேல் அவை விழ விடக் கூடாது. மூச்சில் போகவும் விடக் கூடாது: ஒருவகைப் பல சுவர் நானோகுழாயை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014-இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகையில் சேர்த்திருக்கிறது. பழைய தகட்டை ஈரத்துணியால் மூடி எடுத்து, பையில் கட்டிப் போடுவதும், கம்ப்ரசர் காற்றால் ஊதாமல் இருப்பதும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் தகட்டின் பக்கம்தான் நிற்கிறேன், தக்க பாதுகாப்போடு. அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை என்பதும் என் எண்ணம். பெரும்பாலான மாட்யூல்களுக்குள் வெப்ப உணரி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஹீட் சிங்கில் மாட்யூலுக்கு அருகே சிறு துளையிட்டு இன்னொரு உணரியைப் பதித்து, ஒரே தொழிற்சாலையில் ஒரே வேலை செய்யும் இரண்டு டிரைவ்களில் ஒன்றுக்குப் பேஸ்ட், மற்றதற்குத் தகடு வைத்து, ஒரே மின்னோட்டத்தில் ஓடும்போது இரு உணரிகளின் வேறுபாட்டை மாதம் ஒருமுறை குறித்து வந்தால் போதும். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தனித்தனியே எழுத வேண்டும். மின்னோட்டத்தோடு, விசிறி ஓடிய வேகத்தையும் வடிகட்டி எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்பதையும் குறிக்காவிட்டால், தூசி அடைத்ததை முனை விலகியதாக எண்ணிவிட நேரும்.